பழைய ஏர் ரைஃபிளில் பீப் சைட் பொருத்திய அனுபவம்

ஓபன் சைட் என்பது துப்பாக்கியின் பின்னால் ஒரு வெட்டு, முன்னால் ஒரு முனை, இரண்டையும் இலக்கோடு சேர்த்துக் குறிபார்க்கும் அமைப்பு. அதை வைத்துச் சுடுகிறவர்களுக்கு நாற்பத்தைந்து வயதுக்கு மேல் ஒரு தொல்லை வந்து சேரும். பின் சைட்டின் வெட்டு கண்ணிலிருந்து ஒரு முழத் தூரத்தில் இருக்கிறது. முன் சைட்டின் முனை இரண்டு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. இலக்கு பத்து மீட்டர். மூன்றையும் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்க எந்தக் கண்ணாலும் முடியாது. இளம் கண் மூன்றுக்கும் நடுவில் மாறி மாறி ஓடிச் சமாளித்துவிடும். வெள்ளெழுத்து வந்த கண்ணால் அது ஆகாது. வெட்டின் இரண்டு ஓரங்களும் பஞ்சு மாதிரி கலங்கிப்போய், முன் முனை நடுவில்தான் நிற்கிறதா என்பதே தெரியாது.

இதற்குத் துப்பாக்கியை மாற்றத் தேவையில்லை, பின் வெட்டுக்குப் பதில் சின்ன ஓட்டை வழியாகப் பார்க்கும் பீப் சைட்டை மாட்டினால் போதும். என்னிடம் இருப்பது டயானா 35 என்ற ஜெர்மன் ஏர் ரைஃபிளின் அமைப்பைப் பின்பற்றி நம் நாட்டில் செய்த பழைய ஸ்பிரிங் ஏர் ரைஃபிள். பேரலை மடக்கி ஸ்பிரிங் ஏற்றும் வகை, 4.5 மி.மீ. பெல்லட் (ஈயக் குண்டு). என் மாமாவிடமிருந்து வந்தது. அவர் ராணுவத்தில் 7.62 எஸ்.எல்.ஆர். ரைஃபிளோடு பல வருடம் இருந்தவர். அந்த செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளின் பின் சைட்டில் வெட்டு கிடையாது, ஓட்டைதான். "மாப்ளே, ஓட்டை வழியா பாத்தா பின் சைட்டை மறந்துடலாம். கண்ணை முன் முனையில மட்டும் வை" என்று அவர் அடிக்கடி சொல்வார். பீப் சைட்டின் அடிப்படையே அந்த ஒரு வரிதான். சின்ன ஓட்டை வழியாகப் பார்க்கும்போது தெளிவாகத் தெரியும் தூரத்தின் நீளம் கூடுகிறது. வட்டமான ஓட்டையின் நடுவைக் கண் தானாகவே பிடித்துக்கொள்கிறது. மிச்சம் இருப்பது முன் சைட், இலக்கு என்ற இரண்டு வேலைதான்.

சட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஊரில் நிறையப் பேர் கேட்கிறார்கள். 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ. விட்டத்துக்கும் 20 ஜூல் சக்திக்கும் மேற்படாத ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை. அதற்காகக் கொக்கு, மடையானைச் சுடலாம் என்று ஆகிவிடாது. பறவை வேட்டை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நாங்கள் இருப்பது நீடாமங்கலம் பக்கம். கொஞ்ச தூரத்தில் வடுவூர் ஏரி, உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்ந்த சரணாலயம். குளிர்காலத்தில் அங்கே இறங்கும் பறவைகள் எங்கள் வயல்களில்தான் மேய்கின்றன. ஏர் கன்னைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் நடக்கும் பையன்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். என் துப்பாக்கி அட்டை இலக்கைத் தவிர வேறு எதையும் பார்த்ததில்லை.

ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) போடலாமே என்று முதலில் எல்லோரும் சொன்னார்கள். நான் வேண்டாம் என்றதற்குக் காரணங்கள் உண்டு. ஸ்பிரிங் ரைஃபிள் இரண்டு திசையில் உதைக்கும். ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டன் காற்றை அழுத்தி முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் வரும். பிஸ்டன் போய் முட்டி நிற்கும்போது முன்னால் இழுக்கும். ஒரு பக்க உதைக்காக மட்டும் செய்த ஸ்கோப்பின் உள்ளே இருக்கும் லென்ஸ் பிடிப்புகள் இந்த இரண்டாவது இழுப்பில் கழன்றுவிடும். அப்புறம், சாதாரண ஸ்கோப்புகள் தூரத்துக்குச் சரிசெய்யப்பட்டவை. பத்து மீட்டரில் இலக்கு கலங்கித் தெரியும், கண்ணைக் கொஞ்சம் நகர்த்தினால் குறியும் நகரும். இன்னொன்று, பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் ஸ்கோப்புக்கு அனுமதியே இல்லை. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோவிலும் பாரிஸிலும் ஒலிம்பிக்கில் நின்று சுட்டது பீப் சைட்டில்தான். பழகுவது என்றால் அதிலேயே பழகுவோம் என்று முடிவு செய்தேன்.

சைட்டைத் தொடுவதற்கு முன்னால் பேரல் கீலைப் பார்க்க வேண்டும். மடக்கு ரைஃபிளில் எல்லாவற்றையும் விட முக்கியமானது இதுதான் என்பது என் கருத்து. பழைய ஓபன் சைட்டின் இரண்டு பாகமும் பேரல் மேலேயே இருந்தன. கீல் தளர்ந்து பேரல் ஒரு மயிரிழை பக்கவாட்டில் ஆடினாலும் சைட்டும் சேர்ந்தே ஆடும், குறி பெரிதாகக் கெடாது. பீப் சைட் போட்டால் பின் பாகம் உடல் குழாயில் இருக்கும், முன் பாகம் பேரலில் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் கீல். அது ஆடினால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சைட்டும் வீண்.

கீல் சரியாக இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. ஸ்பிரிங்கை ஏற்றியபின், பேரலைக் கையால் பிடித்தபடியே மெதுவாக நகர்த்திப் பாருங்கள். எந்தக் கோணத்தில் நிறுத்தினாலும் அது அங்கேயே நிற்க வேண்டும். தன் எடையிலேயே தொங்கினால் கீல் போல்ட் தளர்ந்திருக்கிறது. இதைச் செய்யும்போது விரல் டிரிகர் பக்கமே போகக் கூடாது. பேரல் திறந்திருக்கும்போது ஸ்பிரிங் விடுபட்டால் பேரல் வளைந்துவிடும், விரலும் போகும். என் ரைஃபிளில் கீல் தளர்ந்துதான் இருந்தது. போல்ட்டை இறுக்கி, பூட்டுத் திருகை வைத்ததும் ஆட்டம் நின்றது. பேரலின் பின் முனையில், உடல் குழாயோடு சேரும் இடத்தில் இருந்த பழைய வாஷர் நசுங்கித் தட்டையாகிக் கிடந்தது, அதையும் மாற்றினேன். வாஷர் நசுங்கினால் காற்று கசியும். ஒவ்வொரு சுடலிலும் வேகம் மாறி, குண்டுகள் மேலும் கீழுமாகச் சிதறும். ஸ்டாக்கின் (துப்பாக்கியைத் தாங்கும் மரக் கட்டையின்) முன் பக்கத் திருகுகள் இரண்டையும் நீல நிறப் பூட்டுப் பசை தொட்டு இறுக்கினேன். இதை முடித்து, பழைய ஓபன் சைட்டிலேயே சுட்டுப் பார்த்தபோது குண்டுகள் முன்பைவிட நெருக்கமாக விழுந்தன. இதற்கு மொத்தச் செலவு வாஷர் விலையும் பசை விலையும்தான்.

பின் சைட் எனக்குப் பழையதாகக் கிடைத்தது. எஃகு உடல், மேல்-கீழ், இடது-வலது இரண்டுக்கும் கிளிக் திருகு, கூடவே முன் சைட்டுக்கான வளையத் தகடுகள் சில. உடல் குழாயின் பின் முனையில் சைட்டைப் பூட்டுவதற்கான 11 மி.மீ. காடி (பள்ளம்) ஏற்கெனவே வெட்டியிருந்தது, அது என் அதிர்ஷ்டம். காடி இல்லாத ரைஃபிளில் சிலர் குழாயில் ஓட்டை போட்டு மரை வெட்டுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தக் குழாய்க்குள்தான் பிஸ்டன் ஓடுகிறது. உள்ளே ஒரு பிசிறு எழுந்தால் பிஸ்டன் வாஷரைக் கிழித்துவிடும். ஓட்டை போட்ட பின் பழைய நிலைக்குத் திரும்பவும் முடியாது.

திரும்பிப்போகும் வழி எனக்கு வேண்டியிருந்தது. நம் நாட்டுப் போட்டிகளில் பீப் சைட்டுக்குத் தனிப் பிரிவு, ஓபன் சைட்டுக்குத் தனிப் பிரிவு. அண்ணன் மகள் ஓபன் சைட் பிரிவுக்காகப் பழகுகிறாள், அவளுக்கும் இதே துப்பாக்கிதான். அதனால் எதை மாற்றினாலும் கழற்றி மறுபடி பழையபடி பூட்ட முடிய வேண்டும் என்பதை முதல் நிபந்தனையாக வைத்துக்கொண்டேன்.

பீப் சைட்டைக் காடியில் வைத்து இறுக்கினாலும், சுடச் சுட அது பின்னால் நழுவும். துப்பாக்கி முன்னால் இழுக்கும்போது சைட் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது, விளைவு அதுதான். திருகை இன்னும் இறுக்கிப் பயனில்லை, காடியின் ஓரம்தான் நசுங்கும். சைட்டுக்குப் பின்னால் முட்டுக்கட்டையாக ஒரு சின்ன எஃகுத் துண்டைக் காடியில் செருகித் தனித் திருகால் இறுக்கினேன். காடியையும் சைட்டின் அடியையும் பெட்ரோலால் துடைத்து எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் காயவிட்ட பிறகே பூட்டினேன். அதற்குப் பின் அசையவில்லை. நழுவினால் கண்ணுக்குத் தெரியட்டும் என்று பென்சிலால் ஒரு கோடும் போட்டு வைத்திருக்கிறேன்.

அடுத்தது முன் சைட். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பழைய முனைக்குப் பதில் ஒரு சின்னக் குழாய், அதற்குள் வளையத் தகடு; வளையத்தின் நடுவில் இலக்கு அட்டையின் கரும்புள்ளியை வைத்துக் குறிபார்க்க வேண்டும்.

பீப்பின் ஓட்டை பழைய வெட்டைவிட உயரத்தில் இருக்கிறது. பின் சைட் உயர்ந்தால் குண்டு மேலே போகும். பீப்பை அதன் கீழ் எல்லைக்கு இறக்கி, பழைய முன் முனையைக் கரும்புள்ளியின் நடுவில் வைத்துச் சுட்டதில் குண்டுகள் நடுவிலிருந்து 65 மி.மீ. மேலே விழுந்தன. கணக்கு எளிது. இரண்டு சைட்டுக்கும் இடைப்பட்ட நீளம் 680 மி.மீ., இலக்கு 10,000 மி.மீ. 65ஐ 680ஆல் பெருக்கிப் பத்தாயிரத்தால் வகுத்தால் 4.4 மி.மீ. முன் சைட் அவ்வளவு உயர வேண்டும். சரியாக 4.4 வைத்தால் பீப் எப்போதும் அதன் கீழ் எல்லையிலேயே கிடக்கும், கீழே இறக்க இடமிருக்காது. அதனால் 5.5 என்று முடிவு செய்தேன். வளையத் தகட்டின் நடு, பழைய முனையிலிருந்து 5.5 மி.மீ. மேலே வர வேண்டும்.

இந்த உயரத்தில், பேரல் முனையில் இருக்கும் காடிக்குப் பொருந்துவதாக எந்தக் கடையிலும் குழாய் கிடைக்கவில்லை. நாச்சியார்கோவிலில் குத்துவிளக்குப் பட்டறை வைத்திருக்கும் ஒருவரிடம் போனேன். அங்கே விளக்குகள் வார்ப்பாக வந்து, லேத்தில் கடைந்து முடிக்கப்படுகின்றன. அடி, தண்டு, அகல், பிரபை என்று தனித்தனியாகச் செய்து மரையில் பூட்டுவார்கள். நான்கு பாகமும் நேர்கோட்டில் நிற்காவிட்டால் விளக்கு சாய்ந்து தெரியும். நடுப் பிடித்துக் கடைவது அவர்களுக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த வேலை.

காகிதத்தில் நான் வரைந்ததைப் பார்த்துவிட்டு, "தம்பி, குழாய் தனியா அடி தனியா செஞ்சு பத்தவச்சா சூட்டுல கோணும். ஒரே கட்டையில எடுத்துடலாம்" என்றார். தண்டுக்காக வார்த்திருந்த பித்தளைக் கட்டை ஒன்றை நாலு தாடை சக்கில் பிடித்து, நடுவைத் தள்ளி வைத்து, குழாய்த் துளையைக் கடைந்தார். துளையின் அளவை நான் கொண்டுபோன வளையத் தகட்டை வைத்தே எடுத்தோம். குழாய்க்குக் கீழே விட்டிருந்த சதையைப் பேரல் காடிக்கு ஏற்ற சாய்வில் அரத்தால் தேய்த்தார். வெர்னியர் காலிபர் என் கையில்தான் இருந்தது. அவர் கட்டைவிரலால் தடவிப் பார்த்தே எங்கே உயரம் என்று சொன்னார், பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

"பித்தளை போதுமா அண்ணே, இரும்பு வேணாமா?" என்று கேட்டேன்.

"பித்தளை பேரலைக் கீறாது தம்பி. இறுக்கமா வச்சு தட்டினா அதுவே கொஞ்சம் நசுங்கி உக்காந்துக்கும். இரும்பு வச்சா ஒங்க துப்பாக்கி காடிதான் பிளக்கும்."

அவர் சொன்னது முழுக்க உண்மை. மென்மையான உலோகம் தேய்வது தன் பக்கம்தான், பழைய பேரலுக்குச் சேதமில்லை. எடை கொஞ்சம் கூடினதும் நல்லதாகப் போயிற்று. நின்றுகொண்டு சுடும்போது முனைப் பக்கம் சிறிது கனம் இருந்தால் பேரல் நடுங்குவது குறைகிறது.

பழைய முன் முனையைக் கழற்றும்போது செப்பு அல்லது பித்தளைக் கம்பியை வைத்துத்தான் தட்ட வேண்டும். பெரும்பாலான துப்பாக்கிகளில் சுடுபவரின் இடமிருந்து வலமாகத் தட்டினால் கழலும், வலமிருந்து இடமாகத் தட்டினால் உட்காரும். தட்டுவதற்கு முன் கூர்மையான ஊசியால் காடியின் ஓரத்தில் இரண்டு பாகத்துக்கும் சேர்த்து ஒரு சின்னக் கோடு போட்டுவிட்டால் திரும்பப் பூட்டும்போது இடம் தேட வேண்டாம்.

பித்தளை மின்னும். முன் சைட் மின்னக் கூடாது; ஒரு பக்கம் வெளிச்சம் பட்டால் அந்த ஓரம் தடித்துத் தெரியும், குறி மறுபக்கம் நகரும். பெயின்ட் அடித்தால் துளைக்குள் திப்பியாக நிற்கும். எங்கள் வீட்டில் கண்மை சேர்ப்பதுபோல் ஆமணக்கெண்ணெய் விளக்கின் புகையில் குழாயின் உட்புறத்தைப் பிடித்தேன். மெல்லிய, மினுமினுப்பே இல்லாத கருப்பு படிந்தது. விரல் பட்டால் அழியும், அதனால் வெளிப்பக்கத்துக்கு மங்கல் கருப்புப் பெயின்ட், உட்பக்கத்துக்கு மட்டும் புகை. அழிந்தால் மறுபடி புகை பிடிக்க ஒரு நிமிடம் ஆகாது.

வளையத் தகடுகளில் எது சரி என்பதையும் கணக்கால் ஓரளவு சொல்லிவிடலாம். பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் அட்டையில் கரும்புள்ளியின் விட்டம் 30.5 மி.மீ. என் கண்ணிலிருந்து முன் சைட் சுமார் 78 செ.மீ. தூரம். அந்த இடத்தில் கரும்புள்ளி 2.4 மி.மீ. அகலமாகத் தெரியும். வளையத்தின் உள்விட்டம் 3.8 மி.மீ. என்றால் கரும்புள்ளியைச் சுற்றி வெள்ளை வளையம் தாராளமாகக் கிடைக்கும். இன்னும் சின்ன வளையம் துல்லியம் தரும் என்று தோன்றும். நடப்பது வேறு. வெள்ளை மெலிந்தால் கை ஆடுவது பெரிதாகத் தெரிந்து, டிரிகரை அழுத்தவே மனம் வராது. புதிதாகப் பழகுபவர்கள் பெரிய வளையத்திலிருந்து தொடங்குவதே நல்லது.

இரண்டு சைட்டுக்கும் இடைப்பட்ட நீளம் பழைய அமைப்பில் 410 மி.மீ.தான். கண் 0.1 மி.மீ. பிசகினால் அப்போது இலக்கில் 2.4 மி.மீ. தள்ளி விழும். இப்போது அதே பிசகு 1.5 மி.மீ.க்குள் அடங்குகிறது. பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர் பொட்டு என்பதை நினைத்தால் இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று தெரியும்.

குறி சரிசெய்ய ஒரு விதியை நினைவில் வைத்தால் போதும்: குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ பின் சைட்டை அந்தப் பக்கம் நகர்த்துங்கள். ஒரு குண்டைப் பார்த்துத் திருகக் கூடாது. ஐந்து குண்டு சுட்டு, அவற்றின் நடுவை எடுத்து, அதற்குத்தான் திருக வேண்டும். தட்டை முனை பெல்லட் அட்டையில் வட்டமாகச் சுத்தமான ஓட்டை போடும், நடுவைக் கணக்கிட அதுவே வசதி. பெல்லட் இல்லாமல் வெறுமனே சுட்டுப் பார்க்காதீர்கள். முன்னால் காற்று மெத்தை இல்லாமல் பிஸ்டன் போய் நேராக இடிக்கும்.

குண்டு தாங்கும் பெட்டிக்குச் செலவே இல்லை. ஜூன் 12இல் மேட்டூர் திறந்து தண்ணீர் வருவதற்கு முன்னால் குளம் வறண்டு கிடக்கும்போது நல்ல களிமண்ணை வெட்டி வந்தேன். தடித்த இரும்புத் தகட்டுப் பெட்டியில் அதை ஒரு சாண் கனத்துக்கு அடைத்து, முன்னால் அட்டையை மாட்டினேன். ஈயம் களியில் புதைந்து நின்றுவிடுகிறது, தெறிப்பதில்லை. காய்ந்து இறுகிய களி மட்டும் ஆபத்து, அதில் பட்ட குண்டு திரும்பி வரலாம். அதனால் ஈரச்சாக்கு போட்டு மூடி வைக்கிறேன். பின்னால் செங்கல் சுவர் இருக்கிறது. சுடும்போது இரண்டு பேரும் கண் பாதுகாப்புக் கண்ணாடி போடுகிறோம். ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பாட்டில் வைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு விதி. களியைக் கொட்டும் காலம் வந்தால் ஈயத்தைப் பொறுக்கி எடுத்துவிட வேண்டும், அந்த மண்ணை வயலில் போடக் கூடாது.

மற்ற சாமான்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தோள்பட்டைப் பக்கம் ரப்பர் பட்டை ஒன்று போட்டேன், ஸ்டாக் எனக்குக் குட்டையாக இருந்தது, சரியாகிவிட்டது. தோள்வாரைக் கழற்றிவிட்டேன், நின்று சுடும் போட்டியில் அதற்கு இடமில்லை, தொங்கிக்கொண்டு இழுப்பதுதான் மிச்சம். கன்னம் படும் இடத்தில் ஸ்டாக்கை உயர்த்துவதற்கு மெல்லிய கார்க் தகடும் தோலும் ஒட்டினேன். பீப் உயரமாக இருப்பதால் இது அவசியம், இல்லாவிட்டால் தலை மிதந்துகொண்டே இருக்கும்.

மூக்குக்கண்ணாடி விஷயம் பெரியது. இரண்டு பார்வைக்கும் சேர்ந்த கண்ணாடியோடு பீப் வழியாகப் பார்த்தால் தலையை ஆட்டும் ஒவ்வொரு தடவையும் படம் மாறும். தூரப் பார்வை எண்ணோடு பிளஸ் 0.50 கூட்டி, ஒரே எண் உள்ள தனிக் கண்ணாடி போட்டுக்கொண்டேன். முன் சைட் கறுப்பாகக் கூர்மையாகவும் இலக்கு லேசாக மங்கியும் தெரியும், அதுதான் சரி. அண்ணன் மகளை பீப் வழியாகப் பார்க்கச் சொன்னபோது, "சித்தப்பா, எல்லா வட்டமும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு இருக்கு, எதைப் பாக்கறது?" என்று கேட்டாள். முன் வளையத்தைப் பார், மற்றது தானாக நடக்கும் என்றேன். முதல் ஐந்து குண்டும் கறுப்புக்குள் விழுந்தன. ஆனாலும் போட்டி முடியும்வரை அவள் ஓபன் சைட்டிலேயே பழகட்டும் என்று இருவரும் பேசி வைத்திருக்கிறோம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கள் பக்கம் இரும்பு ஒரே ராத்திரியில் பூக்கும். வெளிப்பக்கத்துக்கு மெல்லிய மெஷின் எண்ணெய் தொட்ட துணியால் ஒரு துடைப்பு போதும். தேங்காயெண்ணெய் வேண்டாம், நாளாக நாளாகப் பிசினாகிவிடும். உள்ளே பிஸ்டன் அறைக்குள் சாதாரண எண்ணெயை விடவே கூடாது. அழுத்தத்தில் சூடேறும் காற்று அந்த எண்ணெயைப் பற்றவைத்து, டீசல் எஞ்சின் உள்ளே நடப்பதுபோல் வெடிக்கும். சத்தம் பெரிதாக வரும், ஸ்பிரிங்கும் வாஷரும் சீக்கிரம் போகும். மழைக்காலத்தில் மரம் ஊதுவதால் ஸ்டாக் திருகுகளை மாதம் ஒரு முறை தொட்டுப் பார்க்கிறேன். பழைய முன் முனையும் பின் வெட்டும் எண்ணெய்த் தாளில் சுற்றி டப்பாவில் இருக்கின்றன, கூடவே பித்தளைக் கம்பியும். மாற்றிப் பூட்டி, ஊசிக் கோட்டுக்கு நேராக வைத்து, ஐந்து குண்டில் சரிபார்த்தால் துப்பாக்கி ஓபன் சைட்டுக்குத் தயார்.